சுருள்பாசி அறுவடைக்குக் கைகொடுக்கும் குறிப்புகள்

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ சுருள்பாசித் தொட்டி வைத்திருக்கும் தோழிகளே! பாசியை வளர்த்துவிடலாம், அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து எடுப்பதில்தான் நேரமும் காசும் கரைகிறது. நன்றாகக் கரும்பச்சையாக நிற்கும் தொட்டியில்கூட லிட்டருக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம்தான் பாசி, மற்றதெல்லாம் தண்ணீர். நுண்பாசி ஆலைகளிலேயே மொத்தச் செலவில் 20 முதல் 30 சதவீதம் அறுவடைக்குப் போய்விடும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் எதுவும் வாங்காமல், வீட்டிலிருக்கும் சாமான்களை வைத்தே இந்த வேலையை எளிதாக்கிக்கொள்ளச் சில வழிகள் இதோ.

1. அறுவடைக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் தொட்டியைத் துழாவுவதை நிறுத்திவிடுங்கள். சுருள்பாசியின் உடலுக்குள் மிக நுண்ணிய காற்றறைகள் உண்டு. இரவெல்லாம் அசையாமல் இருந்தால் பெரும்பகுதி மேலே வந்து ஏடு கட்டிவிடும். காலையில் அந்த ஏட்டிலிருந்து வேண்டிய அளவை மட்டும் வழித்தால் போதும், குடம் குடமாகத் தண்ணீரை வடிகட்டும் வேலை மிச்சம்.

2. விடிந்ததும் எடுத்துவிடுவது எல்லா வகையிலும் லாபம். பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பாசி இரவில் செலவழித்துவிடுவதால், காலையில் எடுக்கும் பாசியில் புரதத்தின் பங்கு கூடுதலாக இருக்கும். காயவைக்கவும் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும்.

3. பாசி அறுவடைக்குத் தயாரா என்று பார்க்கக் கருவி வேண்டாம். பழைய மர ஸ்கேலின் நுனியில் வெள்ளை பாட்டில் மூடி ஒன்றை ஆணியடித்து, நன்றாகத் துழாவிய தண்ணீரில் மெல்ல இறக்குங்கள். 3 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே மூடி கண்ணுக்கு மறைந்துவிட்டால் தாராளமாக எடுக்கலாம். அதற்கும் கீழே வெள்ளை தெரிந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுங்கள்.

4. ஆசைப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிடாதீர்கள். தொட்டியிலுள்ள பாசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் மிச்சப் பாசி மீது வெயில் நேரடியாகத் தாக்கி, பச்சை வெளுத்துப் போகும். நான்கில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டால் தொட்டியும் வாடாது, அடுத்த அறுவடையும் சீக்கிரம் வரும்.

5. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுத் துணியை எடுங்கள். வெயில் வராத நாளில் எடுத்த பாசி சாயங்காலத்துக்குள் காயாமல் புளித்து வீணாகும். தொட்டியிலேயே இருந்தால் ஒன்றும் கெடாது. அந்த நாளில் வீட்டுக்குத் தேவையான ஒரு பிடியை மட்டும் எடுத்துப் பச்சையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

6. வடிதுணிக்குத் தனிக் கடை தேட வேண்டாம். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் வலைத்துணியே அருமையாக உதவும். சுருள்பாசிக்கு 30 முதல் 50 மைக்ரான் வரை கண் உள்ள துணி வேண்டும். சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடும் துணி என்று கேளுங்கள். அதன் கண் 50 மைக்ரானுக்குச் சற்றுக் கீழே இருக்கும். மல்லுத்துணி, பழைய வேட்டி இவற்றில் பாசி இழைகளுக்குள் சிக்கி, எடுத்ததில் பாதி துணியோடு போய்விடும்.

7. சிறு தொட்டிக்கு எம்ப்ராய்டரி வளையம் போதும். வலைத்துணியை அதில் முறுக்கிப் பொருத்தினால் சுருக்கம் விழாமல் விறைப்பாக நிற்கும். கழற்றிக் கழுவுவதும் நொடி வேலை.

8. வலைத்துணியின் நடுவில் தையல் போடவே கூடாது. தையல் ஊசி போட்ட ஓட்டை பாசிக்குப் பெரிய வாசல்; அறுவடையில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வழியே போய்விடும். ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டுமானால் தையல் சட்டத்துக்கு வெளியே வருகிற மாதிரி துணியைப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

9. வலைத்துணியில் ஊற்றும் முன் கண் சிறுத்த டீ வடிகட்டி வழியாக ஒரு முறை விடுங்கள். காய்ந்த இலை, பூச்சிகள், உப்பு ஈயின் புழுக்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். பிறகு காய்ந்த பாசியில் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

10. மோட்டாரை விட மக் நல்லது. வேகமாகச் சுழலும் பம்பின் இறக்கைகளில் அடிபட்டால் பாசியின் சுருள் துண்டு துண்டாக உடைந்து, துணியின் கண் வழியே நழுவிப் போய்விடும். தொட்டி பெரிதாக இருந்தால் மேல்மட்டத்தில் குழாய் வைத்து, உயரத்தின் உதவியால் தண்ணீர் தானாக இறங்கும்படி செய்யுங்கள். கரண்டுச் செலவும் இல்லை, பாசிக்கும் நோகாது.

11. துணியை முதலில் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக்கொண்டு, சட்டத்தைக் கொஞ்சம் சாய்வாக வைத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து ஊற்றுங்கள். பாசி சரிந்து தாழ்ந்த பக்கம் சேர்ந்துகொள்ளும். மேலே துணி திறந்தே இருப்பதால் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். சமமாக வைத்தால் சற்று நேரத்தில் கண் அடைத்து, ஊற்றியது அப்படியே தேங்கி நிற்கும்.

12. தேங்கினால் கையால் தேய்த்து அழுத்த வேண்டாம். சட்டத்தின் இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல ஆட்டினால் போதும். பாசி உருண்டு திரண்டு தானாக ஒதுங்கும். கேக் மாவு வழிக்கும் ரப்பர் கரண்டி இருந்தால் ஓரத்திலிருந்து நடுவுக்கு லேசாகக் கோதிவிடலாம்.

13. வடிகட்டும் சட்டத்தைத் தொட்டிக்கு மேலேயே வைத்துவிடுங்கள். இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டால் சட்டம் ஆடாமல் உட்காரும். வடிந்த நீர் நேரே தொட்டிக்கே திரும்பும். வாளி தூக்கும் வேலையும் இல்லை. இதில்தான் பெரிய சேமிப்பே இருக்கிறது. புத்தகங்களில் சொல்லும் சாரூக் கரைசலுக்கு லிட்டருக்கு 16.8 கிராம் ஆப்ப சோடா வேண்டும். அப்படியானால் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 17 கிலோ. வடிந்த நீரைக் கீழே கொட்டினால் கொட்டுவது தண்ணீரை மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய சோடாவையும் உரத்தையும்தான்.

14. வடிந்து வரும் நீரின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நலம் முழுவதும் அதில் தெரியும். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் எல்லாம் சரி. பச்சையாக வந்தால் துணி கிழிந்திருக்கிறது, அல்லது பாசி உடைந்தோ சுருள் இழந்து நீண்டோ போயிருக்கிறது. நீலமாக வந்தால் செல்கள் வெடித்து உள்ளிருக்கும் நீல நிறச்சத்தான பைகோசயனின் கசிகிறது என்று பொருள். சத்தின் நல்ல பகுதி போய்க்கொண்டிருப்பதால் அன்றைக்கு அறுவடையை நிறுத்திவிட்டு, வெப்பம் கூடியதா, மழைநீர் கலந்ததா என்று பாருங்கள்.

15. துணியிலிருந்து நீர் இறங்காமல் கொழகொழப்பாக நின்றால் துணியைக் குறை சொல்ல வேண்டாம். தழைச்சத்துக் குறைவு, அளவுக்கு மீறிய வெயில் போன்ற காரணங்களால் பாசி பசை போன்ற சர்க்கரைப் பொருளை வெளியே விடும். உரம் கொடுத்து, நிழல்வலை கட்டி, அடிக்கடி துழாவிச் சில நாள் ஓய்வு கொடுத்தால் பழையபடி சளசளவென்று வடியும். அப்படியும் மாறாவிட்டால் தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள்.

16. அறுவடை வேலைக்கு அலுமினியப் பாத்திரம் வேண்டாம்; காரத்தன்மை மிகுந்த தொட்டி நீர் அலுமினியத்தை அரித்துவிடும். செம்பு, பித்தளைப் பாத்திரமும் பாசிக்கு ஆகாது. எவர்சில்வரும் உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக்கும் போதும்.

17. பிஎச் 10-ஐத் தொடும் நீரில் கையை நீண்ட நேரம் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். மெல்லிய ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எலுமிச்சை பிழிந்த நீரில் கை கழுவினால் வழவழப்புப் போகும். எண்ணெய் தடவிய கையோடு மட்டும் தொட்டியில் இறங்க வேண்டாம்.

18. பாசியில் ஒட்டியிருக்கும் சோடாச் சுவையைப் போக்கக் குடிநீரை மேலோடு தெளித்தாலே போதும். நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் செல்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும், நீலச்சத்தும் வெளியேறும். தெளித்து வடிந்த அந்த நீரையும் வீணாக்காமல் தொட்டியில் ஊற்றுங்கள். ஆவியாகிக் குறைந்ததற்கு ஈடாகிவிடும்.

19. வழித்த பாசியை வலைத்துணியில் மடித்து, அதன் மேல் ஒரு பருத்தித் துணி சுற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வையுங்கள். முதலில் லேசான பாரம், கால் மணி நேரம் கழித்து அம்மிக் குழவி என்று படிப்படியாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் பெரிய கல்லை வைத்தால் நீருக்குப் பதில் பாசியே பிதுங்கி வரும்.

20. கையில் ஒட்டாமல், கத்தி போட்டால் பன்னீர் மாதிரி துண்டாக வந்தால் பிழிந்தது போதும். நன்றாகப் பிழிந்த பாசியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் உலர்ந்த எடை; அதாவது ஒரு கிலோ பிழிந்த பாசிக்கு 200 கிராம் காய்ந்த பாசி. இங்கே கூடுதலாகப் பிழிகிற ஒவ்வொரு சொட்டும் காயவைக்கும் நேரத்தைக் குறைக்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம்.

21. பிழிந்த பச்சைப் பாசிக்குச் சுவை மிகக் குறைவு. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். அடுப்பை அணைத்த பிறகு கொத்தமல்லிச் சட்னியிலோ மோரிலோ ஒரு தேக்கரண்டி கலந்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் நீலச்சத்து அழிந்துவிடும். வெளியில் சில மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும்.

22. அதற்கு மேலும் வைக்க வேண்டுமா? ஐஸ் தட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டி அமுக்கி ஃபிரீஸரில் உறையவையுங்கள். தேவைப்படும்போது ஒரு கட்டியை எடுத்தால் அளவும் சரியாக இருக்கும்.

23. காயவைக்க ஓமப்பொடி அச்சை எடுங்கள். பிழிந்த பாசியை அதில் போட்டு மெல்லிய இழைகளாகப் பிழிந்தால் காற்று எல்லாப் பக்கமும் பட்டுச் சில மணி நேரத்தில் உலரும். இழைகள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் கையைச் சுழற்றிக்கொண்டே பிழியுங்கள். மேலே மேலே விழுந்த இடத்தில் உள்ளே ஈரம் நின்று நாற்றம் பிடிக்கும்.

24. வெயிலில் காயவையுங்கள், ஆனால் வெயில் நேரே படக்கூடாது. நேர் வெயிலில் பச்சையம் வெளுத்துச் சத்தும் குறைந்துவிடும். பழைய கண்ணாடிக் கதவோ கெட்டிப் பாலிதீனோ மேல்மூடியாக, அதற்குக் கீழே கறுப்புத் துணித் திரை, அதற்கும் கீழே வலைத்தட்டு என்று ஒரு மரப்பெட்டி செய்துகொண்டால் வீட்டிலேயே சூரிய உலர்த்தி தயார். கீழும் மேலும் காற்றுப் போக ஓட்டை விட்டு, அந்த ஓட்டைகளுக்குக் கொசுவலை ஒட்டிவிடுங்கள். உள்ளே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டால் நிம்மதி.

25. காலையில் வைத்த இழை சாயங்காலத்துக்குள் காய்ந்தே ஆக வேண்டும். வெயில் நடுவில் மறைந்துவிட்டால் மேஜை ஃபேனை எதிரே வைத்து ஓட்டுங்கள். ஈரத்தோடு இரவு தங்கிய பாசியை உணவுக்கு எடுக்காமல் செடிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.

26. காய்ந்ததா என்று பார்க்க இழையை ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, டப்பாவில் அடைக்கக் கூடாது.

27. காய்ந்த பாசியை இழையாகவே காற்றுப் புகாத எவர்சில்வர் சம்படத்தில் இருட்டில் வையுங்கள். பொடி சீக்கிரம் ஈரம் பிடிக்கும் என்பதால் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் மிக்ஸியில் பொடித்துக்கொண்டால் போதும். கண்ணாடி பாட்டில்தான் இருக்கிறது என்றால் மேலே காக்கித்தாள் சுற்றிவிடுங்கள்.

28. வேலை முடிந்ததும் வலைத்துணியை உடனே அலசிவிடுங்கள். காய்ந்த பாசி கண்ணுக்குள் ஒட்டிவிட்டால் பிறகு கிளம்பாது. பாசி பட்ட பக்கத்துக்கு மறுபக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் கண்கள் திறந்துகொள்ளும். முறுக்கிப் பிழிந்தால் கண் இழுபட்டு அகன்றுவிடும், சோப்பு போட்டால் வாசனை அடுத்த அறுவடையில் ஏறும்; இரண்டும் வேண்டாம்.

29. நாளாக ஆகத் துணியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு சேரும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் துணி புதிதாகிவிடும். இரண்டு துணி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஆண்டுக் கணக்கில் உழைக்கும்.

30. தொட்டியின் அடியில் தேங்கும் பழுப்பு மண்டியை அறுவடைத் துணியில் ஊற்ற வேண்டாம். அது செத்த பாசியும் படிந்த உப்பும்தான். வாரம் ஒரு முறை, துழாவுவதற்கு முன் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டால் வடிகட்டும் வேலையும் சுலபம், தொட்டியும் நாறாது.

31. எடுத்த அளவுக்குத்தான் உரம். உலர்ந்த பாசியில் புரதம் ஏறக்குறைய 60 சதவீதம். அதனால் ஒரு கிலோ காய்ந்த பாசி தொட்டியிலிருந்து கிட்டத்தட்ட 100 கிராம் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அறுவடை எடையைச் சமையலறை நாள்காட்டியிலேயே எழுதி வைத்தால் உரத்தைக் கண்மதிப்பில் அள்ளிப்போட்டு வீணாக்க மாட்டோம்.

32. இது சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்: சாப்பிடுவதற்காக வளர்க்கும் தொட்டியை அவ்வப்போது நுண்ணோக்கியில் காட்டிப் பார்த்துவிடுங்கள், பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறையில் கேட்டால் உதவுவார்கள். வட்டமான அந்நிய செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் அந்தப் பாசியை உண்ண வேண்டாம், மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நச்சுப்பாசியாக இருக்கலாம். பிஎச் 10-க்குக் குறையாமல் காத்தால் வேண்டாத பாசிகள் பெரும்பாலும் நுழையாது. ஃபினைல்கீட்டோனூரியா குறைபாடு உள்ளவர்களுக்குச் சுருள்பாசி கூடவே கூடாது. பி12 வைட்டமினுக்கு இதை நம்பியிருப்பதும் சரியல்ல. இதிலிருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வகை.

33. விலை உயர்ந்த கருவி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்தில் கனெம்பு இனப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஏரிப் பாசியை அள்ளி, மணலில் தோண்டிய குழியில் ஊற்றிவிடுகிறார்கள். நீரை மணல் குடித்துக்கொள்ள, பாசி அடையாக வெயிலில் காய்கிறது. திஹே என்கிற அந்த அடையைக் குழம்பில் போட்டுச் சமைக்கிறார்கள். இங்கே, சென்னையில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையம் சி.வி. சேஷாத்ரியின் தலைமையில் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் சிறு தொட்டி, கைத்துழாவல், துணி வடிகட்டல் என்ற எளிய முறைதான்.

34. உங்கள் தொட்டியில் இருப்பது குளோரெல்லா வகைப் பச்சைப்பாசி என்றால் வலைத்துணியைத் தொடவே வேண்டாம். அதன் செல் 10 மைக்ரானுக்கும் சிறியது, எல்லாம் வழிந்தோடிவிடும். பச்சை நீரைப் பாட்டிலில் நிரப்பி ஃபிரிட்ஜின் இருட்டில் ஒரு வாரம் அசையாமல் வைத்தால் பாசி அடியில் படியும், மேலேயுள்ள தெளிந்த நீரைக் குழாயால் இறக்கிவிடலாம்.

35. அதையே வேகமாகப் படியவைக்க முருங்கை விதை உதவும். தோலுரித்து இடித்த பருப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினால், அதிலுள்ள நேர்மின்னூட்டப் புரதம் எதிர்மின்னூட்டம் கொண்ட பாசிச் செல்களை இழுத்துத் திரளாக்கும். கலங்கிய குடிநீரைத் தெளியவைக்க நம் ஊரில் தேத்தாங்கொட்டை உரைத்த வழக்கமும் இதே வகைதான். படிகாரம் போட்டும் படியவைக்கலாம், ஆனால் அலுமினியம் பாசியோடு தங்கிவிடும் என்பதால் அதை உணவுக்கும் மீனுக்கும் கொடுக்காதீர்கள்.

36. வண்ணமீன் வளர்ப்பவர்கள் பச்சை நீரைப் பிரிக்கவே தேவையில்லை. அதில் மொய்னா, டாப்னியா போன்ற நீர்ப்பூச்சிகளை விட்டால் அவை பாசியை வடித்துத் தின்று பெருகும். பூச்சியைச் சாதாரண மீன் வலையிலேயே அள்ளி மீனுக்குப் போடலாம்.

37. மாற்ற வேண்டிய பழைய சுருள்பாசி நீரை வாழைப் பாத்தியிலோ தென்னை வட்டத்திலோ ஊற்றிவிடாதீர்கள். உப்பும் காரமும் சேர்ந்து மண் இறுகிக் களராகும். அகலமான பழைய தொட்டியில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, உப்பைச் சுரண்டித் தனியே அப்புறப்படுத்துவதுதான் மண்ணுக்கு நல்லது.

38. ஒவ்வொரு மாதமும் முதல் அறுவடைக்கு முன், தொட்டி நல்ல நிறத்தில் இருக்கும்போதே இரண்டு லிட்டர் தாய்ப்பாசியை அகன்ற வாய் பாட்டிலில் எடுத்து, மூடியைத் தளர்த்தி, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். தினம் இரண்டு தடவை குலுக்கினால் போதும். பெருமழையில் தொட்டி நிரம்பிப் போனாலும், பக்கத்து வீட்டுத் தோழி கேட்டு வந்தாலும், விதைக்குப் பாசி காசு கொடுத்து வாங்க வேண்டியிராது.